எண்ணெயும் ஈரமும்: வெட்டவெளி மின்மாற்றியின் வரலாறு

மின்னழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ பயன்படும் மின்மாற்றி, பேச்சுவழக்கில் டிரான்ஸ்பார்மர், இன்று தெருமுனைகளில் வெயிலையும் மழையையும் தாங்கி நின்றாலும், தொடக்கத்தில் அது கூரைக்குள் அடங்கிய கருவியாகவே இருந்தது. 1885இல் புடாபெஸ்ட் நகரின் கன்ஸ் தொழிற்சாலைப் பொறியாளர்களான ஸிப்பர்னோவ்ஸ்கி, பிளாதி, டேரி ஆகியோர் மூடிய இரும்பு உள்ளகம் கொண்ட மின்மாற்றியை உருவாக்கினர். மறு ஆண்டே அமெரிக்காவின் கிரேட் பாரிங்டனில் வில்லியம் ஸ்டான்லி தம் மின்மாற்றிகளைக் கட்டடங்களின் நிலவறைகளில் வைத்துக் கடைகளுக்கு ஒளியூட்டினார். உள்ளே பிறந்த வெப்பத்தைச் சுற்றியிருந்த காற்று ஏற்றுக்கொண்டது. மழையைக் கூரை தடுத்தது. மின்னழுத்தம் பல்லாயிரம் வோல்ட்டுக்கு ஏறியதும் காற்று போதிய காப்பாகவும் அமையவில்லை, குளிர்விக்கவும் போதவில்லை.

இக்குறையைத் தீர்த்தது எண்ணெய். 1891இல் லாஃபனிலிருந்து 175 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு மும்முனை மின்சாரம் அனுப்பப்பட்டபோது, ஓர்லிகான் நிறுவனத்தின் சார்லஸ் பிரவுன் எண்ணெயில் மூழ்கிய மின்மாற்றிகளைப் பயன்படுத்தினார். கம்பிச்சுருளருகே சூடாகும் எண்ணெய் இலேசாகி மேலெழுந்து, தொட்டியின் சுவரோரம் ஆறிக் கீழிறங்குவதால், பம்பு ஏதுமின்றியே வெப்பம் வெளியேறுகிறது. தொட்டியின் பக்கங்களில் பிற்காலத்தில் சேர்ந்த குழாய்களும் ரேடியேட்டர் தகடுகளும் காற்றுபடும் பரப்பைப் பெருக்கவே வந்தவை.

வெப்பத்தைத் தீர்த்த எண்ணெயே ஈரத்துக்கும் வழிவிட்டது. சுமை ஏறும்போது விரியும் எண்ணெய் தொட்டியிலுள்ள காற்றை வெளியே தள்ளுகிறது. ஆறிச் சுருங்கும்போது வெளிக்காற்று உள்ளே வருகிறது. அக்காற்றின் ஆக்சிஜன் சூடான எண்ணெயைக் கசடாக்கிக் குளிர்விக்கும் வழிகளை அடைக்க, அதன் ஈரமோ, பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்கு அளவிலேயே, எண்ணெயின் காப்புத் திறனைக் குலைத்துவிடுகிறது. எண்ணெய் மாதிரியைச் சூடாக்கி, படபடவெனப் பொரியும் ஓசை எழுகிறதா என்று கேட்டே நீர் கலந்திருப்பதை அறியும் சோதனை நெடுங்காலம் வழக்கில் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில், எண்ணெயைக் காற்றிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காக்க இரண்டு உறுப்புகள் துணைவந்தன. முதலாவது கன்சர்வேட்டர், அதாவது முதன்மைத் தொட்டியை எப்போதும் நிரம்பியிருக்கச் செய்து, காற்றோடு உரசும் எண்ணெய்ப் பரப்பைக் குறைக்கும் சிறு உருளை. இரண்டாவது பிரீதர், அதாவது அவ்வுருளைக்குள் செல்லும் காற்றை உலர்த்தி அனுப்பும் குடுவை. முன்பு அதில் இடப்பட்ட கால்சியம் குளோரைடு ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து வழிந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வால்ட்டர் பேட்ரிக் 1919இல் காப்புரிமை பெற்ற முறையில் உருவான சிலிக்கா ஜெல் கரையாமலே ஈரத்தைப் பிடித்துவைத்தது. கோபால்ட் உப்பு சேர்ந்த நீலமணிகள் ஈரமேறியதும் இளஞ்சிவப்பாகும்; அவற்றைச் சூடாக்கி உலர்த்தினால் மீண்டும் நீலமாகும். குடுவையின் அடிக்கிண்ணத்து எண்ணெய், தூசியைத் தடுப்பதோடு, மணிகள் ஓயாமல் வெளிக்காற்றைக் குடித்து வீணாகாமலும் காக்கிறது.

எண்ணெய்க்கு மாற்றாக, தீப்பிடிக்காத திரவம் என்று 1929இல் அமெரிக்காவில் வணிக உற்பத்திக்கு வந்த பிசிபி, நஞ்செனத் தெளிந்தபின் 1979இல் அங்கேயே தடைசெய்யப்பட்டது. கனிம எண்ணெய் நிலைத்தது. வெப்பம் எவ்வளவு கூடினால் கம்பிச்சுருளைச் சுற்றிய காப்புக் காகிதத்தின் ஆயுள் எவ்வளவு குறையும் என்ற கேள்விக்கு, ஏறத்தாழ 8 டிகிரி செல்சியஸுக்கு ஒருமுறை பாதியாகும் என்று 1930இல் மான்ட்சிங்கர் விடையளித்தார்.

இவ்விடை வெப்பநாடுகளுக்கு மிகவும் பொருந்தும். 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோயம்புத்தூர் வட்டாரத்தில் விரிந்த மின்வலையின் கருவிகள், ஐரோப்பியக் கோடையை மீறிய வெயிலைத் தாங்க வேண்டியிருந்தது. சுற்றுவெப்பம் உச்சமாக 40 டிகிரி என்று பன்னாட்டுத் தரம் கொள்ளுமிடத்தில் இந்தியத் தரம் 50 டிகிரி என்று கொள்வதால், உள்வெப்பம் கூடுவதற்கு இங்கே குறைவான இடமே உண்டு.

பெரிய மின்மாற்றிகளுக்கு 1921இல் புக்ஹோல்ஸ் கண்ட, உட்பழுதை எச்சரிக்கும் ரிலே காவலாக நிற்கிறது. தெருவோரச் சிறு மின்மாற்றிகள் பலவற்றுக்கோ அத்தகைய ரிலே இல்லை. பிரீதர் உள்ளவற்றில், மழைக்காலத்துக்கு முன் அதன் மணிகளை மாற்றி, கிண்ணத்தில் எண்ணெய் உள்ளதா என்று பார்ப்பதே மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் பாதுகாப்பாகும்.