வீட்டு மூலையில் நம் வரலாறு

யூபிலிக்காகக் கோவிலுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கியபோது சப்பரக் கொட்டகையையும் ஒழித்தோம். ஒரு மூலையில் கட்டுமரத்தின் நடுக்கட்டை ஒன்று, உடைந்த துடுப்பு, கரையான் அரித்த இரண்டு கடவங்கள் ஆகியவை கிடந்தன. விறகுக்குப் போகட்டும் என்று நாமே சொல்லிவிட்டோம். அங்கே நின்றிருந்த முதியவர் ஒருவர் குனிந்து அக்கட்டையைத் தடவிப் பார்த்து, "சாமி, இது மட்டும் கிடக்கட்டும்" என்றார். அன்று இரவு நமக்குச் சரியாக உறக்கம் வரவில்லை.

குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்தவர்கள் நாம். 1542-இல் புனித சவேரியார் இக்கரைக்கு வந்ததை ஆண்டு பிசகாமல் சொல்வோம். இம்மலரிலும் பங்குத் தந்தையரின் பெயர்ப் பட்டியல் வரிசையாக இருக்கிறது. ஆனால் இக்கோவிலைக் கட்டிய பணம் எதில் ஏறி வந்தது? மீன்பாட்டில் கோவிலுக்கென்று ஒதுக்கிய பங்கு, நாள்தோறும் கட்டுமரத்தில் ஏறியல்லவா கரைக்கு வந்தது! அந்த மரத்தைத்தான் நாம் அடுப்புக்கு அனுப்ப இருந்தோம்.

கட்டுமரம் எளிய பொருள்போலத் தோன்றும். கேரளத்து மலைப்பக்கமிருந்து வந்த இலேசான மரத்தைச் செதுக்கி, கட்டைகளை அருகருகே வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். தண்ணீர் உள்ளே புகுந்துவிடுமே என்ற அச்சம் அதற்கில்லை. ஏறிய அலை கட்டைகளின் இடுக்கு வழியே தானே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது, புரட்டி நிமிர்த்தி மீண்டும் ஏறிக்கொள்ளலாம். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து வெயிலில் உலர்த்துவார்கள். இல்லாவிட்டால் நீர் குடித்த மரம் மறுநாள் கனத்துவிடும். துறைமுகமில்லாத, அலை முறியும் நம் கரைக்கு இதைவிடப் பொருத்தமான கலம் வேறில்லை.

இதன் பெயரும் கடல் கடந்தது. 1697-இல் வெளிவந்த ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியரின் பயண நூலிலேயே இச்சொல் இருக்கிறது. இன்று மேல்நாட்டில் 'கட்டமரான்' என்றால் இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகு. அதில் கட்டும் இல்லை, பெரும்பாலும் மரமும் இல்லை!

நைலான் வலை வந்தது, இயந்திரம் வந்தது, 1980-களிலிருந்து கண்ணாடியிழைப் படகு பரவியது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எண்ணற்ற கட்டுமரங்களை அடித்து நொறுக்கியது. அவற்றுக்கு ஈடாகப் பல ஊர்களுக்கும் வந்தவை கண்ணாடியிழைப் படகுகளே. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இரவெல்லாம் துடுப்பு வலித்துக் கை காய்த்துப் போனவர்களுக்கு இயந்திரம் இறைவன் தந்த வரம். பழைய பாட்டை மீண்டும் படுங்கள் என்று சொல்ல, கரையில் நிற்கும் நமக்கு உரிமையில்லை.

ஆனால் பொருள் போகும்போது அதன் சொல்லும் கூடவே போகிறது. நம் பெண்கள் மீன் சுமந்த ஓலைக் கடவத்தை, அக்கரையில் யாழ்ப்பாணத்தார் கடகம் என்பர். நாம் புடைக்கும் சுளகு வடக்கே போனால் முறம். கல்யாணப் பலகாரம் போன ஓலைப்பெட்டி, பதனீர் குடித்த பட்டை எல்லாம் பனையிலிருந்து வந்தவை. 1978-இல் தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பட்ட அந்தப் பனை, நம் ஊரில் எத்தனை நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மணப்பாட்டுப் பெண்கள் ஓலை முடைவதால் அங்கே அக்கைவேலை பிழைத்திருக்கிறது. நம் ஊரிலோ முடையத் தெரிந்த கைகள் மிகச் சிலவே. அவையும் முதிர்ந்த கைகள்.

முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் தென்னாட்டு வீடுகளையும் புழங்குபொருள்களையும் காக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். சப்பரக் கொட்டகையின் ஒரு பக்கம் போதும். வீட்டுப் பரணில் கிடப்பவற்றைக் கொண்டுவாருங்கள். பொருளை மட்டும் தந்துவிட்டுப் போய்விடாதீர்கள். யார் செய்தது, யார் கையில் இருந்தது, வீட்டில் அதை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று சொல்லுங்கள். எழுதிக்கொள்ள நம் இளைஞர் இயக்கத்தார் நோட்டோடு இருப்பார்கள்.

அந்த நடுக்கட்டை இப்போது செங்கல்மேல் தூக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் பக்கக் கட்டைகள் எந்த வீட்டுக் கொல்லையில் கிடக்கின்றன என்று தெரிந்தவர்கள், ஞாயிறு பூசை முடிந்ததும் நம்மிடம் வந்து சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம்.