லாரிப்பேட்டைக்கு வந்த வைத்தியம்

நாமக்கல் வட்டாரத்தில் லாரிக்குப் பாடி கட்டுவது பெருந்தொழில். கேஸ் டேங்கர், ரிக் வண்டி, சரக்கு லாரி என்று இங்கிருந்து கிளம்பும் வண்டிகள், வாரணாசியையும் கன்னியாகுமரியையும் இணைத்த பழைய ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியே வடக்கே ஓடின. டிரைவரும் கிளீனரும் வீடு திரும்ப வாரக்கணக்கில் ஆகும். இறக்கிய ஊரிலேயே அடுத்த லோடுக்காகக் காத்துக் கிடக்கவும் வேண்டும்.

1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அதன்பின் வந்த பிரசாரத்தில் ‘உயிர்க்கொல்லி நோய்’ என்ற மிரட்டல்தான் உரக்கக் கேட்டது. பயந்தவர்கள் பரிசோதனைக்கு வராமல் ஒளிந்தார்கள்.

டிரைவர்களின் பயமே வேறு. பழைய லாரிகளில் என்ஜின் காலுக்குப் பக்கத்திலேயே கொதித்துக்கொண்டிருக்கும். அந்தச் சூடு உடம்பில் ஏறிவிடும், பெண்ணிடம் போனால்தான் இறங்கும் என்ற நம்பிக்கை இந்தியா முழுக்க ஓட்டுநர்களிடம் இருந்ததை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. நீர்க்கடுப்பு வந்தாலும் சூடு என்றே தள்ளிவிடுவார்கள். அது பால்வினை நோயாக இருக்கலாம். அந்த நோய் இருந்தால் எச்.ஐ.வி. தொற்றுவதும் எளிது. இவர்களிடம் போய் ‘மூடநம்பிக்கை’ என்று சொன்னால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். எரிச்சல் இருக்கிறதா என்று கேட்டுத் தொடங்கினால் மருந்துக்கும் ஆணுறைக்கும் வழி பிறக்கும்.

ஆனால் எங்கே வைத்துக் கேட்பது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.பி. சீட்டு காலையில், லாரி வந்து நிற்பதோ ராத்திரியில். 1994இல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. மறு ஆண்டு அமெரிக்க நிதியுதவியோடு வி.எச்.எஸ். தொண்டு நிறுவனத்தின் ‘ஏபேக்’ எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் வந்தது. பணியாளர்கள் லாரிப்பேட்டைக்கும் சாலையோர டீக்கடைக்கும் போனார்கள். பின்னாளில் டி.சி.ஐ. அறக்கட்டளை நெடுஞ்சாலைகளில் ‘குஷி’ என்ற பெயரில் கிளினிக்குகளை நடத்தியது. லாரி கம்பெனி வழி வந்த அறக்கட்டளை என்பதால் பேட்டையின் நேரமும் பேச்சும் அதற்குத் தெரிந்திருந்தன.

2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விழிப்புணர்வு விளம்பரக் கேள்வி முளைத்தது. யார் அந்த ஆள் என்று ஊரே குழம்பியது. ராஜா என்று பெயர் கொண்டவர்கள்தான் பாவம்! மிரட்டல் சாதிக்காததை இந்த வம்புப்பேச்சு சாதித்தது: டீக்கடையில் எய்ட்ஸைப் பற்றி வாய்விட்டுப் பேசலாம் என்றானது.

வீட்டிலிருந்த மனைவிக்கு இந்தப் பேச்சு போய்ச் சேர்ந்ததா என்பது வேறு விஷயம். தனக்குத் தொற்று இருப்பதைக் கர்ப்பகாலப் பரிசோதனையில்தான் தெரிந்துகொண்ட பெண்கள் பலர். 2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியத்தில் எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்து தொடங்கியது. எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையங்கள் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை பரவின. தென்மாநில இளம்பெண்களிடையே தொற்று 2000க்கும் 2004க்கும் இடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக லான்செட் இதழ் 2006இல் எழுதியது. அதில் பேட்டைப் பணியாளர்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இப்போது ஆள் வருவது எதிர்த்திசையில். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள். ஷிப்ட் முடிந்து அவர்கள் வெளியே வரும் நேரத்தில் திறந்திருக்கும், ஒடியாவும் இந்தியும் பேசும் நம்பிக்கை மையம் அவர்களுக்குத் தேவை.