சோழிகளில் சிக்கிய கிரகணம்

1825-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாளுக்கும் ஜூன் முதல் நாளுக்கும் இடைப்பட்ட இரவில் ஒரு சந்திர கிரகணம். அதன் நேரத்தைக் கணித்துத் தரும்படி, புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் கேட்டுக்கொண்டார் ஜான் வாரன். வாரன் முன்னர்ச் சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றியவர். கணிதரோ ஏட்டையும் எழுத்தாணியையும் நாடவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். அடுக்கினார், கலைத்தார், மீண்டும் அடுக்கினார். வாய்பாடுகள் அனைத்தும் அவர் நினைவில் இருந்தன. வானியல் கோட்பாடு எதுவும் அவருக்குத் தெரியாது என்பதையும் வாரன் குறித்துவைத்துள்ளார்.

விளைவு என்ன? கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை. வாரன் இம்முறைகளையெல்லாம் விளக்கி எழுதிய ‘காலசங்கலிதம்’ அதே 1825-இல் சென்னையில் அச்சேறியது.

இம்முறைக்கு வாக்கியம் என்று பெயர். சந்திரன் தன் வேகத்தின் ஏற்ற இறக்கங்களை ஒன்பது முறை கடந்து முடிக்க ஏறத்தாழ 248 நாள்கள் ஆகின்றன. நாளுக்கு ஒன்றாக 248 சிறு தொடர்கள். ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். தொடரைச் சொன்னால் சந்திரன் நிற்குமிடம் கிடைத்துவிடும். செபங்களைத் தலைமுறை தலைமுறையாக மனனம் செய்து காத்த நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

புராணமோ வேறு விதமாகப் பேசுகிறது. அமுதத்தைக் களவாய் உண்ட அசுரனைச் சூரியனும் சந்திரனும் காட்டிக்கொடுத்தனர். திருமால் அவன் தலையை அறுத்தார். தலை இராகு, உடல் கேது. அந்தப் பகையே கிரகணமாம். இதைக் கேட்டு நகைப்பவர் நம்மிடையே உண்டு. இளமையில் நானும் நகைத்தவனே. ஆனால் கணிதருக்கு இராகுவும் கேதுவும் சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரு புள்ளிகள். சந்திரனை மறைப்பது பூமியின் நிழலே என்று ஆரியபட்டர் 499-இலேயே எழுதிவிட்டார். கதையைப் போற்றிய மரபே கணக்கையும் காத்தது. ஒன்று மற்றொன்றை விரட்டவில்லை.

இதை மதித்தவர்களுள் நம் குருக்களும் இருந்தனர். இயேசு சபைத் துறவி துஷாம் 1750-ஐ ஒட்டிக் கிருஷ்ணபுரத்து வானியல் அட்டவணைகளைப் பிரான்சுக்கு அனுப்பினார். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் காண வந்து, 1769-இல் மேகத்தால் ஏமாந்த லெ ழாந்தீலும் புதுச்சேரியில் இக்கணிதத்தைக் கற்றார். 1765-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் கிரகணத்தின் கால அளவில் தமிழர் கணக்கு 41 வினாடி குறைந்தது. ஐரோப்பிய அட்டவணையோ 68 வினாடி மிகுந்தது.

வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் முரண்படும்போது நாம் வியக்கிறோம். நம் வீட்டிலும் அந்நிலை உண்டு. பதின்மூன்றாம் கிரகோரி 1582-இல் அக்டோபர் 4-க்கு மறுநாளை 15 என்று ஆக்கினார். எனினும் உயிர்ப்புப் பெருவிழாவை வானத்து நிலவைக் கொண்டன்று, அட்டவணை நிலவைக் கொண்டே குறிக்கிறோம். 2019-இல் வானத்தின்படி பார்த்தால் மார்ச் 24 உயிர்ப்பு ஞாயிறாக இருந்திருக்கும். நாம் கொண்டாடியது ஏப்ரல் 21-இல்.