சுப்ரா விரிந்த வழி

பொதிகைச் சாரலில் அமைந்த ஆய்க்குடியைச் சங்க காலத்து ஆய் ஆண்டிரனின் ஊர் எனத் தமிழறிஞர் கூறுவர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக எண்ணப்பெறும் அவ்வேளை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. வந்தவர்க்கு வழங்குதலே அவன் புகழ். அவ்வூரின் பெயரைச் சொல்லும்போதே விருந்தோம்பல் நினைவுக்கு வருதல் இயல்பு.

இன்று அந்த ஆய்க்குடியிலிருந்து இளங்கணவனும் மனைவியும் மாலைப் பொழுதில் வண்டியேறித் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் குற்றாலத்துக்கும் சென்று உண்டு வருகின்றனர். இந்த வாரம் ஒரு கடை, அடுத்த வாரம் வேறொரு கடை. எங்கே சால்னா மணக்கிறது, எங்கே பரோட்டா மெதுவாக இருக்கிறது என்று சுவைத்துப் பார்த்து வீட்டில் வந்து பேசுகின்றனர். நம் பெரியவர்களுள் சிலருக்கு இது பிடிப்பதில்லை. “வீட்டில் அடுப்பு எரியவில்லையா? குடும்பப் பெண்ணுக்குக் கடையில் என்ன வேலை?” என்று கேட்கின்றனர். ஒரு வீட்டின் அமைதியைக் கெடுக்க இவ்வொரு கேள்வி போதும். ஆகவே இதனைச் சினத்தோடு அணுகாமல் வரலாற்றோடு அணுகுவோம்.

வழிப்போக்கரின் விரிப்பு

நம் இல்லங்களில் உணவுக்காக விரிக்கும் துணியைச் ‘சுப்ரா’ என்கிறோம். இது ‘ஸுஃப்ரா’ என்னும் அரபுச் சொல். பயணத்தைக் குறிக்கும் ‘ஸஃபர்’ என்ற சொல்லோடு இது ஒரே வேரில் பிறந்தது. வழிப்பயணிக்கென்று ஆயத்தம் செய்த உணவே முதலில் ஸுஃப்ரா எனப்பட்டது. பின்னர் அதனைக் கட்டிய தோலுக்கும், விரித்த துணிக்கும் அப்பெயர் ஆயிற்று. நம் தமிழில் கட்டுச்சோறு என்பதும் இதுவே. வீட்டுக்குள் நாம் விரிக்கும் சுப்ராவின் பெயரிலேயே வீட்டை விட்டுப் புறப்பட்டவனின் பசி மறைந்திருக்கிறது.

கட்டுச்சோறு தீர்ந்தபின் பயணி என் செய்வான்? 1304 இல் தாஞ்சியரில் பிறந்த இப்னு பதூதா (ரஹ்), 1340களில் மலபார்க் கரை வழியே கொல்லம் வரை சென்றபோது கண்டவற்றைத் தம் பயண நூலில் குறித்துள்ளார். வழியெங்கும் அரை மைலுக்கு ஒரு மரக்கூடம், அருகே கிணறு, நீர் வார்க்க ஓர் ஆள். முஸ்லிம் பயணிக்குப் பாத்திரத்தில் நீர் தருவதில்லை; கையில் வார்ப்பார்கள். முஸ்லிம்கள் இல்லாத ஊரில் அவருக்குச் சமைத்து வாழையிலையில் இடுவார்கள். ஆயினும் தங்குமிடம் தோறும் முஸ்லிம்களின் வீடுகள் இருந்தன. பயணிகள் அங்கே இறங்கித் தேவையானவற்றை வாங்கிக்கொண்டனர். அவ்வீடுகள் இல்லையேல் அந்நாட்டில் ஒரு முஸ்லிம் பயணம் செய்திருக்கவே இயலாது என்பது அவர் கருத்து.

இச்செய்தி நமக்கு மிக அருகில் உள்ளது. கொல்லத்திலிருந்து கிழக்கே வந்தால் ஆரியங்காவுக் கணவாய், அதைக் கடந்தால் செங்கோட்டை, அப்பால் தென்காசி. பாயின் கடை என்று இன்று நாம் சொல்வதன் மூதாதையை அந்த வழித்தங்கல் வீடுகளில் காணலாம்.

எல்லையில் எரிந்த அடுப்பு

1904 இல் செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து புனலூர் வரை இருப்புப்பாதை அமைந்தது. அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. தென்காசி ஆங்கிலேயரின் திருநெல்வேலிச் சீமையில் இருந்தது. இரண்டுக்கும் இடையே அமைந்த எல்லைதான் பிரானூர். 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை மேற்கே புளியரைக்கு அப்பால் நகர்ந்துவிட்டது. ஆனால் மக்கள் நாவில் ‘பார்டர்’ என்ற சொல் நகரவில்லை. பிரானூர் பார்டர் என்றே இன்றும் வழங்குகின்றனர். அரசுகள் அழித்த எல்லையை அடுப்புகள் காத்துவைத்தன எனலாம்.

எல்லை என்றால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் பசி தெரியும். மலையேறப் போகும் வண்டிக்காரரும் பின்னாளில் லாரி ஓட்டுநரும் உண்டு செல்ல இவ்விடம் வாய்ப்பாயிற்று. ஆனியில் சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்துக்கு வருவோர் கூட்டம் வேறு. அருவியில் நனைந்து குளிரோடு வருபவர்க்கு மிளகும் காரமும் சேர்ந்த கோழியைப் போல் இதம் தருவது எது?

அரிசி உண்ணும் நாட்டில் பரோட்டா இவ்வளவு பரவியதற்கு நாட்டு நடப்பும் காரணமாகும். 1942 இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது, பங்கீடு வந்தது. 1956 இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. கோதுமை மாவு தென்னாட்டில் பழகியதற்கு இவையும் துணை நின்றன. அந்த மாவைப் பிசைந்து, வீசி, சுருட்டி, கல்லில் இட்டு, இருகையாலும் அடித்து உதிர்க்கும் வித்தையை நம் கடைகளின் மாஸ்டர்கள் கலையாகவே வளர்த்தனர். இலையில் பிய்த்துப் போட்டுச் சால்னாவை மேலே ஊற்றி உண்பது இவ்வட்டாரத்தின் முறை.

ஒரே வரிசை

சோற்றைக் காசுக்கு விற்பதா என்று நாணிய தமிழ்நாட்டில் காப்பி கிளப்புகளும் உணவு விடுதிகளும் பெருகியபோது சாதியும் உடன் நுழைந்தது. பிராமணர்க்குத் தனியிடம், மற்றவர்க்குத் தனியிடம் என்று பல விடுதிகளில் பிரித்தனர். நம் மாவட்டமாக இருந்த திருநெல்வேலியிலேயே, வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளைப் பிரித்து அமர்த்திச் சோறிட்டது 1924, 1925 ஆம் ஆண்டுகளில் பெரும் பூசலாயிற்று. 1957 இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகப் பலகையிலிருந்து சாதிப்பெயரை நீக்கக் கோரிப் பெரியார் மறியல் தொடங்கினார். அது மாதக்கணக்கில் நீடித்தது.

நம்மவர் கடைகளில் இவ்வழக்கு எழவில்லை. ஒரே சஹனில் நால்வர் கையிட்டு உண்ணும் மரபினர் இலைக்கு இலை சாதி கேட்பது எங்ஙனம்? பள்ளிவாசலின் ஸஃப்பைப் போலவே கடையின் பலகையும் ஒரே வரிசையாக இருந்தது. இது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

வரிசையில் இல்லாதவர்

ஆனால் வரலாறு எழுதுவோன் பெருமையோடு நின்றுவிடலாகாது. அந்த ஒரே வரிசையில் பாதிப்பேர் இல்லை. நம் பெண்கள் அங்கே இல்லை. கடை ஆண்களின் இடமாயிற்று. கணவன் நண்பரோடு உண்டு வருவான். மனைவிக்கு வந்தால் பொட்டலம், இல்லையேல் வாசனை.

இது மார்க்கத்தின் கட்டளையா, ஊர் வழக்கமா? கடையநல்லூரைப் பாருங்கள். நெசவு நலிந்தபோது அவ்வூர் முஸ்லிம்கள் சிங்கப்பூருக்குக் கப்பலேறினர். மற்ற ஊரார் பலர் குடும்பத்தை இங்கே விட்டுச் செல்ல, கடையநல்லூரும் தென்காசியும் சேர்ந்தோர் மனைவி மக்களோடு சென்றனர். தஞ்சோங் பகார்ப் பகுதியில் அப்பெண்கள் மசாலை அரைத்து விற்றனர். ஆப்பமும் இடியாப்பமும் சுட்டு விற்றனர். அவர்கள் உழைப்பில் வளர்ந்த சமுதாயம் 1946 இல் உமறுப் புலவர் பெயரால் அங்கே ஒரு தமிழ்ப் பள்ளியையே நிறுவியது. சந்தையில் அமர்ந்து உணவு விற்ற அப்பெண்மணிகள் பேணுதலில் குறைந்தவர்கள் என்று எவரேனும் சொல்வரோ? விற்கத் தகும் பெண்ணுக்கு அமர்ந்து உண்ணத் தகாதோ?

அண்ணலார் கேட்ட கேள்வி

இனி அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வை நோக்குவோம். அனஸ் (ரலி) அறிவிக்க, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது. பெருமானாரின் அண்டை வீட்டில் ஒரு பாரசீகர் இருந்தார். குழம்பு ஆக்குவதில் வல்லவர். ஒருநாள் சமைத்துவிட்டு நபியவர்களை அழைத்தார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைச் சுட்டி, “இவரும் வரலாமா?” என்று பெருமானார் வினவினார்கள். அவர் “இல்லை” என்றார். அவ்வாறாயின் தாமும் வரவில்லை என்றார்கள் அண்ணலார். மீண்டும் அழைத்தார், மீண்டும் அதே வினா, அதே விடை. மூன்றாம் முறை அவர் இசைந்தார். உடனே இருவரும் எழுந்து, ஒருவர் பின் ஒருவராக அவர் இல்லம் சென்றனர்.

மனைவியை விட்டுத் தாம் மட்டும் நல்லுணவை உண்ண நபியவர்கள் விரும்பவில்லை. இது இனிய இல்லறப் பண்பு என்று இமாம் நவவி (ரஹ்) தம் விரிவுரையில் விளக்குகின்றார்கள். மனைவியரோடு நல்ல முறையில் வாழுங்கள் என்னும் அந்நிஸா அத்தியாயத்தின் 19 ஆம் வசனத்துக்கு இதைவிடச் சிறந்த செயல்விளக்கம் வேண்டுமோ? மனைவியின் வாயில் கணவன் ஊட்டும் கவளத்துக்கும் நன்மை உண்டென்பதும் நபிமொழியே.

இதனால் வரம்பு இல்லையென்று பொருளாகாது. உணவு ஹலாலா என்று விசாரித்தல் வேண்டும். ஆடையிலும் அமர்விலும் பேணுதல் வேண்டும். குடும்பத்தினர்க்கெனத் தனி அறை உள்ள கடைகள் இன்று பல உள்ளன. உண்ணுங்கள், பருகுங்கள், வீண் விரயம் செய்யாதீர்கள் என்பது திருமறையின் ஆணை. ஆசைக்குப் பத்து வகை கேட்டு இலையில் பாதியை விட்டு எழுவது, கணவன் மட்டும் உண்டாலும் குற்றம், இருவரும் உண்டாலும் குற்றம். சம்பளத்துக்கு மிஞ்சிய செலவும் அவ்வாறே.

இளைஞருக்கும் ஒரு சொல். நாற்பதாண்டு காலம் அம்மியிலும் அடுப்பிலும் கழித்து உங்களை வளர்த்த தாய் ஒருவர் வீட்டில் இருக்கின்றார். பிரானூர்க் கடையின் இலை முன் அவர் ஒருமுறையேனும் அமர்ந்ததுண்டா? “இவரும் வரலாமா?” என்று அண்ணலார் கேட்ட கேள்வியை அடுத்த வாரம் வண்டியேறும் முன் நீங்கள் கேளுங்கள். அழைத்துச் சென்று அமர்த்துங்கள். வேண்டாம் என்று முதலில் மறுப்பார். மூன்று முறை கேளுங்கள்.