கண்குழியையும் முகத்தையும் துளைக்கும் காயங்கள்

முகத்தில் கூரிய பொருள் தைத்தால் பார்ப்பவர் பதறுவது கண்ணுக்காக. உயிர் போவதோ பெரும்பாலும் கண்ணுக்கு அப்பால் நடப்பதால்தான். கண்குழியின் மேற்கூரை மெல்லிய எலும்பு. அதற்கு மேலே மூளை. வெளிக்காயத்தின் கோரத்தை வைத்து ஆபத்தை அளக்க முடியாது என்பதற்கு இரண்டு அரச நோயாளிகள் சான்று. 1403 ஜூலை 21 அன்று ஷ்ரூஸ்பரிப் போரில் 16 வயது இங்கிலாந்து இளவரசர் ஹென்றியின் முகத்தில், மூக்கின் பக்கவாட்டில் அம்பு பாய்ந்தது. தண்டைப் பிடுங்கினார்கள், இரும்பு முனை சுமார் ஆறு அங்குல ஆழத்தில் எலும்பில் சிக்கி நின்றுவிட்டது. அறுவை மருத்துவர் ஜான் பிராட்மோர் அவசரப்படவில்லை. எல்டர் மரத்துக் குச்சிகளில் துணி சுற்றி, ரோஜாத் தேனில் தோய்த்து, சிறியதிலிருந்து பெரியதாகச் செருகிக் காயத்தின் வாயை அகலப்படுத்தினார். நடுவே திருகு ஓடும் இடுக்கி ஒன்றைத் தானே வடிவமைத்து, முனையின் குழலுக்குள் விட்டு, அப்படியும் இப்படியும் அசைத்து வெளியே எடுத்தார். பிறகு வெள்ளை ஒயினால் கழுவி, காயத்துக்குள் வைத்த திரியைச் சிறிது சிறிதாகக் குறைத்து, உள்ளிருந்து ஆறவிட்டார். இளவரசர் பிழைத்து ஐந்தாம் ஹென்றி ஆனார்.

1559 ஜூன் 30 அன்று பாரிஸ் ஈட்டிப் போட்டியில், எதிராளி மோன்கோமரியின் ஈட்டி முறிந்து, அதன் சிம்புகள் பிரான்சின் இரண்டாம் ஹென்றியின் வலக்கண் பக்கம் பாய்ந்தன. அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே இருந்தார்; பிரஸ்ஸல்ஸிலிருந்து உடற்கூற்றறிஞர் வெசேலியஸே வந்தார். அக்கால உடற்கூற்றறிவின் உச்சம் படுக்கையருகே நின்றும் மன்னர் ஜூலை 10 அன்று இறந்தார். பிணப் பரிசோதனையில் மண்டையோடு உடையவில்லை என்று தெரிந்தது. அடிபட்ட இடத்துக்கு எதிர்ப்புறம், மூளையின் பின்பகுதி கெட்டிருந்தது.

முதலாமவருக்கு அதிர்ஷ்டம், அம்பு மூளையைத் தொடவில்லை என்று மறுக்கலாம். உண்மைதான், ஆனால் அதிர்ஷ்டம் அவருக்கு வாங்கித் தந்தது சில நாட்களை மட்டும். இரும்பு உள்ளேயே கிடந்திருந்தால் சீழ் மற்றதை முடித்திருக்கும். இரண்டாமவர் விஷயத்தில் பெரிய மருத்துவர்கள் தோற்றார்கள் என்பதும் அரைகுறைத் தீர்ப்பே: எலும்புக்குப் பின்னால் நடப்பதைக் காணும் வழி அன்று எவரிடமும் இல்லை. 1895இல் எக்ஸ்ரே வந்தது. உலோகம் பளிச்சென்று தெரிந்தது, மரச்சிம்பு தெரியவில்லை. சி.டி. ஸ்கேனில்கூடக் காய்ந்த மரம் காற்றைப் போலக் கறுப்பாகத் தெரிந்து ஏமாற்றக்கூடும். தைத்து நிற்கும் பொருளை அந்த இடத்திலேயே பிடுங்காதீர்கள், அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள் என்று இன்றைய மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கு, உள்ளே இருப்பது வெளியிலிருந்து தெரியாது என்பதும் ஒரு காரணம்.