ஓசூரின் மூன்று மொழிகளும் எண்ணப்பட்ட கதை

1963, 1965, 1968. இந்த மூன்று ஆண்டுகளில் நம் ஓசூரின் மூன்று மொழிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வெளிநாட்டு ஆய்விதழில் இடம்பெற்றன. முதலில் தமிழ், அடுத்து கன்னடம், பிறகு தெலுங்கு. அப்போது இங்கே சிப்காட் கிடையாது, லேலண்ட் கிடையாது, டைட்டன் கிடையாது. சேலம் ஜில்லாவிலிருந்து தர்மபுரி பிரிந்ததே 1965இல்தான்.

அந்த இதழின் பெயர் 'இன்ஃபர்மேஷன் அண்ட் கண்ட்ரோல்'. தமிழைப் பற்றி எழுதியவர் தாம்பரம் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி. கன்னடத்தைப் பற்றி கே.ஆர். ராஜகோபாலன் எழுதினார். தெலுங்கைப் பற்றி பி. பாலசுப்ரமண்யமும் சிரோமணியும் சேர்ந்து எழுதினார்கள். மூன்றும் சில பக்கங்களே கொண்ட கட்டுரைகள். தலைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான்: அந்தந்த மொழி உரைநடையின் 'என்ட்ரபி'.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு எழுத்தை நான் மனதில் நினைத்துக்கொள்கிறேன். ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்விகள் கேட்டு நீங்கள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 எழுத்து என்று வைத்துக்கொண்டால் ஐந்து கேள்வி போதும். உயிர்மெய்யும் சேர்த்து 247 என்று எடுத்தால் எட்டு வேண்டும். ஆனால் எல்லா எழுத்தும் சமமாக வருவதில்லை. 'ஔ' எப்போதாவது எட்டிப் பார்க்கும். 'க' இல்லாமல் ஒரு வரி எழுத முடியாது. அதோடு, முன்னால் வந்த எழுத்தும் ஒரு குறிப்புக் கொடுக்கிறது. 'ங்' வந்தால் அடுத்தது அநேகமாக 'க'தான். 'ண்' வந்தால் அப்படிச் சொல்ல முடியாது. கண்ணன், வண்டி, நண்பன், உண்மை என்று வழி பிரியும். இதையெல்லாம் கணக்கில் எடுத்தால், சராசரியாக எத்தனை கேள்வி தேவை? அந்த எண்தான் என்ட்ரபி.

அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. நாலாவது கார்பன் பிரதியில் பாதி எழுத்து விழுந்திருக்காது. ஆனாலும் சரளமாகப் படித்துவிடுவோம். விட்டுப்போன எழுத்தை நிரப்பியது நம் மனதில் இருந்த இந்தக் கணக்குதான்.

எழுத்துகளை எண்ணும் பழக்கம் கணினிக்கு முந்தியது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, இந்த வரிசையில் ஒரு பிரெஞ்சு சுருக்கெழுத்தாளரும் இருக்கிறார் என்பதில் தனி மகிழ்ச்சி. ழான்-பத்திஸ்த் எஸ்தூப் என்பவர், மாணவர்களின் வேகத்தைக் கூட்டுவதற்காக எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று ஆராய்ந்து, 1916இல் தம் பாடநூலிலேயே அதை எழுதிவைத்தார். சில சொற்கள் ஓயாமல் வரும், பெரும்பாலான சொற்கள் அபூர்வமாக வரும் என்ற அந்த விதி இன்று அமெரிக்கர் ஸிஃப்பின் பெயரில் வழங்குகிறது. குமாஸ்தா கண்டுபிடிப்பதும் பேராசிரியர் பெயர் வாங்குவதும் எல்லா நாட்டிலும் உண்டு போலிருக்கிறது! அதற்கு முன்பே, 1913இல், ரஷ்யாவில் மார்க்கோவ் என்ற கணித மேதை புஷ்கினின் காவியத்திலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிருக்குப் பின் உயிர் எத்தனை, மெய் எத்தனை என்று எண்ணியிருந்தார். 1948இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கிளாட் ஷானன் இதை ஒரு முழுக் கோட்பாடாக்கினார். 1951இல் அச்சிட்ட ஆங்கிலத்தை அளந்தும் காட்டினார்.

ஷானனின் அளவுகோல் நம் பக்கம் வரத் தாமதமாகவில்லை. இங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில் உள்ள பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், பி.எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் பணியாற்றியவர்களும் இந்திய மொழிகளை இந்தக் கோட்பாட்டின்படி ஒப்பிட்டு 1962இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அந்தக் குழுவில் இருந்த பி.எஸ். அடல் பிற்பாடு பெல் ஆய்வுக்கூடத்தில் செய்த வேலைதான் கைபேசியில் குரலைச் சுருக்கி அனுப்பும் முறைக்கு அடிப்படை. அடுத்த ஆண்டே சிரோமணியின் தமிழ்க் கட்டுரை வந்தது. அவர் அதோடு நிற்கவில்லை. 1978இல் அச்சுத் தமிழைக் கணினி அடையாளம் காணும் முறை, சிந்துவெளிக் குறிகள், வாசலில் போடும் கோலத்துக்குக் கணித இலக்கணம் என்று பல துறைகளில் கைவைத்தார். 1988இல் காலமானார். தமிழ்ப் பாடநூல்களில் அவருக்கு இன்னும் இடம் தரலாம்.

நம் இலக்கணக்காரர்களும் எழுத்து வரிசையைப் பார்த்தவர்களே. எந்த எழுத்து சொல்லின் முதலில் வரும், எதற்குப் பின் எது மயங்கும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. 'க்' வந்தால் அடுத்தது 'க' என்பது அதன் விதி. பக்தியும் சக்தியும் பிறகு வந்து சேர்ந்தவை. ஆனால் இலக்கணம் வரும், வராது என்பதோடு நிற்கிறது. எத்தனை முறை வரும் என்று கேட்டது புள்ளியியல். இரண்டும் வேறு வேறு கேள்விகள். கணினிக்குப் பயன்பட்டது இரண்டாவதுதான்.

அதை உலகம் ஒப்புக்கொள்ள வைத்தது, சட்டசபைக் குமாஸ்தாக்களின் வேலை என்றால் நம்புவீர்களா? கனடா நாடாளுமன்ற விவாதங்கள் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் பதிவாகின்றன. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் பிரவுனும் குழுவினரும் அந்தப் பதிவேட்டைக் கணினிக்குக் கொடுத்து, 1990இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அகராதியும் கற்பிக்கவில்லை, இலக்கணமும் கற்பிக்கவில்லை. இந்தப் பக்கம் இந்தச் சொல் வரும்போது அந்தப் பக்கம் எது அடிக்கடி வருகிறது என்று எண்ணச் சொன்னார்கள், அவ்வளவே. ஒரு வேடிக்கையும் நடந்தது. ஆங்கில உறுப்பினர்கள் ஆதரவாக 'ஹியர், ஹியர்' என்று குரல் கொடுப்பார்கள். பிரெஞ்சுப் பதிவில் அந்த இடத்தில் 'பிராவோ' என்றிருக்கும். கணினி, 'ஹியர்' என்றால் 'பிராவோ' என்று ஏறக்குறைய நூற்றுக்கு நூறு உறுதியோடு முடிவு கட்டிவிட்டது. காதால் கேட்பது என்ற பொருளே அதற்குத் தெரியாது. நாடாளுமன்றத்தில் யார் அப்படிப் பேசினார்கள்?

எந்தக் காகிதத்தைக் கொடுத்தோமோ, அந்த உலகம்தான் கணினிக்கு உலகம். இந்தியாவில் 1991இல் மத்திய அரசு மொழித் தொழில்நுட்பத் திட்டம் தொடங்கியபோது, தென்னக மொழிகளின் உரைத்தொகுப்பு வேலை மைசூரு இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்துக்குப் போனது. ஒவ்வொரு மொழிக்கும் சுமார் 30 லட்சம் சொற்கள் இலக்கு. எடுத்தவை அச்சில் வந்த எழுத்துகள். 2011 ஜூனில் கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் சேர்ந்தே நுழைந்தன. அப்போது அதுவும் எண்ணிப் பார்க்கும் முறைதான். 2016க்குப் பிறகு முறை மாறியது, ஆனால் தீனி அதே எழுதப்பட்ட மொழிதான்.

ஓசூரின் பேச்சு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? சந்தையில் தெலுங்கில் தொடங்கி, தமிழில் விலை பேசி, கன்னடத்தில் சில்லறை கேட்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அந்த ஒரு வாக்கியம் எந்தத் தொகுப்பில் சேரும்? மக்கள்தொகைக் கணக்கில் தாய்மொழிக்கு ஒரு கட்டம் உண்டு. ஆளை எண்ணிவிடுவார்கள், அவர் பேசுவதை அல்ல.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வீட்டுமொழி தெலுங்கு. எழுதப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். மாலூரில் இருக்கும் தங்கைக்குத் தமிழ் எழுத்தில் தெலுங்கு எழுதி அனுப்புகிறார். போன் விடுவதில்லை. ஒரு சொல்லைத் தட்டினால், ஒலியில் நெருங்கிய வேறொரு தமிழ்ச் சொல்லை நீட்டுகிறது. அவர் சலிக்காமல் அதை அழித்துவிட்டுத் தம் சொல்லையே மறுபடி தட்டுகிறார். தங்கைக்குப் புரிகிறதாம்.