அகலம் குறைந்த தண்டவாளம்

பிரிட்டனில் மாதிரி ரயில் அமைப்போரில் பெரும்பாலோர் இன்றும் கையாளும் ஓ.ஓ. வகைத் தண்டவாளத்தின் அகலம் அதன்மேல் ஓடும் வண்டிகளின் அளவோடு பொருந்துவதில்லை. இதற்குக் காரணம் இவ்வகை உருவான கால மின்மோட்டாரின் பருமன். ஐரோப்பியக் கண்டத்தில் 1:87 என்ற விகிதத்தில், அதாவது எச்.ஓ. அளவில், வண்டிகளைச் செய்து 16.5 மி.மீ. அகலப் பாதையில் ஓட்டினர். அவ்விகிதத்துக்கு அவ்வகலம் சரியானதே. ஆனால் பிரிட்டிஷ் எஞ்சின்கள் கண்டத்து எஞ்சின்களைவிட ஒடுக்கமானவையாதலால், 1:87இல் செய்த கூட்டுக்குள் மோட்டார் அடங்கவில்லை. எனவே கூட்டை மட்டும் ஓர் அடிக்கு 4 மி.மீ. என்ற விகிதத்துக்குப் பெரிதாக்கிவிட்டு, பாதையை அப்படியே விட்டனர். 1938இல் வெளிவந்த ஹார்ன்பி டப்ளோ என்னும் மாதிரி ரயில் வரிசை இவ்வழக்கத்தைச் சந்தையில் வேரூன்றச் செய்தது. 4 அடி 8½ அங்குலமாக இருக்க வேண்டிய பாதை இதனால் 4 அடி 1½ அங்குலப் பாதையாகக் குறுகிப்போயிற்று.

இக்குறையைக் களைய முயன்றோர் முதலில் 18 மி.மீ., பின்னர் 18.2 மி.மீ. அகலமுள்ள இ.எம். பாதையையும், 1966இல் கணக்குக்குச் சரியான 18.83 மி.மீ. கொண்ட புரோட்டோஃபோர் அளவையையும் வகுத்தனர். இவற்றை ஏற்போர் கடையில் வாங்கும் எஞ்சினின் சக்கரங்களை மாற்ற வேண்டியிருந்ததால், இவை சிறுபான்மையினரின் வழியாகவே நின்றன.

உண்மையில், பக்கவாட்டில் நின்று பார்ப்பவரின் கண்ணில் அகலத்தைவிட முந்திப்படுவன தண்டவாளத்தின் உயரமும் ஸ்லீப்பர் கட்டைகளின் இடைவெளியுமே. தண்டவாள உயரத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கால் எண்ணி ‘கோட்’ என்று குறிப்பர். நெடுங்காலம் பரவலாக விற்ற பீக்கோ நிறுவனத்தின் கோட் 100 தண்டவாளம், 4 மி.மீ. விகிதத்தில் 7½ அங்குலத்துக்கும் மேற்பட்ட உயரத்தைக் காட்டுகிறது. பிரிட்டனின் முதன்மைப் பாதைகளில்கூட அத்தனை உயரமான தண்டவாளம் கிடந்ததில்லை. கோட் 75 அவ்வாறன்று: கஜத்துக்கு 95 பவுண்டு எடையுள்ள புல்ஹெட் தண்டவாளத்தின் உயரத்தோடு அது ஏறக்குறைய முற்றும் ஒத்துப்போகிறது. புல்ஹெட் என்பது தலை பருத்து அடி சிறுத்த தண்டவாளம். தானாக நிமிர்ந்து நிற்க இயலாததால், ‘சேர்’ எனப்படும் வார்ப்பிரும்புத் தாங்கியில் அதை அமர்த்தி, மர ஆப்படித்து இறுக்குவர். இரட்டைப் பாதையில் இவ்வாப்புகள் பெரும்பாலும் வண்டி ஓடும் திசை நோக்கி அடிக்கப்பட்டன என்பதையும் நுணுக்கம் விரும்புவோர் விட்டுவைப்பதில்லை.

ஸ்லீப்பர் கட்டைகளின் கதை வேறு. பல நாடுகளிலும் விற்பனையாக வேண்டியிருந்த பீக்கோ பாதையில், கட்டைகள் எச்.ஓ. விகிதத்திலேயே குறுகியும் நெருங்கியும் அமைந்தன. 8½ அடி நீளமும் 10 அங்குல அகலமும் கொண்ட பிரிட்டிஷ் கட்டை 4 மி.மீ. விகிதத்தில் 34 மி.மீ. நீளம் பெறும், 60 அடித் தண்டவாளத்துக்கு வழக்கமாக 24 கட்டைகள் என்பதால் சராசரி இடைவெளி 10 மி.மீ. ஆகிறது, இணைப்புகளின் அருகே மட்டும் அது குறையும். பாதையின் அகலத்தைத் தொடாமல் கட்டைகளை மட்டும் இவ்வளவுக்குத் திருத்தினாலே தோற்றம் பெரிதும் தேறிவிடும் என்பதைக் கைத்தொழிலாகப் பாதை கட்டியோர் முன்பே அறிந்திருந்தும், தொழிற்சாலைகள் அதை ஏற்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

எவ்வகைத் தண்டவாளத்தைத் தேர்வது என்பதை மாதிரி காட்டும் காலமும் முடிவு செய்கிறது. பிரிட்டிஷ் ரயில்வே 1949இல் தட்டையான அடியுடைய தண்டவாளத்தைப் பொது அளவையாக ஏற்றபின்பும், கிளைப்பாதைகளிலும் சரக்கு நிற்கும் பக்கப்பாதைகளிலும் புல்ஹெட் நெடுங்காலம் நீடித்தது. அப்பக்கப்பாதைகளில் கல் ஜல்லிக்குப் பதிலாக எஞ்சின் சாம்பலே கட்டைகளின் மேல்மட்டம்வரை நிரப்பப்பட்டதும் உண்டு.